இடம் வலம் மாறிய முகமூடிகள்

மூன்று வருடங்களுக்கு முன், கனடாவின் ஸ்காபரோவில் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டப் போய்வந்த காலம். முதல்முறையாக ஒரு வீட்டைத் தனியாகச் செய்யும்படி முதலாளி என்னிடம் தந்தார். முந்தி மொசைக் படம் ஒட்டியிருக்கிறீரோ என்று கேட்டார். வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் "ஓம்" என்றேன். சுத்தப் பொய்.

மில்லிக்கன் பகுதியில் இருந்த அந்த வீட்டுக்கார அக்கா, இங்கே பள்ளிக்கூடத்தில் நாடகம் படிப்பித்தவர். பழைய ரோமானியர்கள் வீட்டுத் தரைகளில் சின்னச் சின்னக் கற்களால் நாடக முகமூடிகளைப் பதித்திருப்பார்களாம். அதேபோல, வாயைப் பிளந்து சிரிக்கும் கிழவனும் அழும் பெண்ணுமாக ஒன்றை இத்தாலியில் செய்வித்து, வாசல் தரைக்கென்று எட்டு மாதம் காத்திருந்து எடுப்பித்திருந்தார்.

கற்கள் தாளில் ஒட்டி, ஆறு துண்டுகளாக வந்தன. நான் வழக்கமாக ஒட்டும் டைல்ஸில், துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் வலை அடிப்பக்கம் இருக்கும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துத் தாளைச் சீமெந்துக்குள் வைத்து அழுத்தினேன். பெட்டிக்குள் இருந்த குறிப்பை வாசிக்கவேயில்லை. அவ்வளவு கெட்டிக்காரன்!

நாலாவது துண்டை வைத்து முடிக்க, அக்கா தேத்தண்ணியோடு வந்தார். கிழவன் வலப்பக்கம் அல்லவா இருக்கவேண்டும் என்று படத்தைக் காட்டினார். அப்போதுதான் பெட்டிக்குள் இருந்த குறிப்பை எடுத்து வாசித்தேன். தாள் ஒட்டியிருந்ததுதான் கல்லின் மேற்பக்கம். படத்தைக் கவிழ்த்துப் பதித்ததில் இடம் வலமாகிவிட்டது. சீமெந்து இறுகினால் எல்லாம் போச்சு.

முந்தி மொசைக் ஒட்டியதேயில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் முகம் கறுத்துப்போனது.

"தெரியாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார்.

பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். தாள் ஊறி, கற்கள் உதிரத் தொடங்கியிருந்தன. இருவருமாகக் கிளப்பி, கழுவி, நிறம் நிறமாகப் பிரித்துப் பழைய பெட்ஷீட்டில் பரப்பினோம். அந்த நேரம் பார்த்து முதலாளி எனக்குப் போன் எடுத்தார். என் கையெல்லாம் சீமெந்து. அக்காதான் வாங்கிப் பேசினார்.

"உவரை நான்தான் மினக்கெடுத்திறன், என்னாலதான் பிந்துது. இன்னும் ரெண்டு நாள் வேணும்."

அழுகையை அடக்கிக்கொண்டு குனிந்து கல் பொறுக்கினேன்.

அடுத்த இரண்டு நாளும் படத்தைப் பார்த்துப் பார்த்து அவர் கல்லை எடுத்துத் தர, நான் ஒவ்வொன்றாகப் பதித்தேன். கிழவனின் தாடி கொஞ்சம் கோணல்தான். பரவாயில்லை, விடுங்கோ என்றுவிட்டார்.

இப்போது தெரியாத வேலையைத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். அந்தத் துணிவை எனக்குத் தந்தவர், எட்டு மாதம் காத்திருந்து வாங்கியதை ஒரு காலைப்பொழுதில் நான் பாழாக்கியும் என்னைக் காட்டிக்கொடுக்காத அந்த அக்காதான்.