உதை கேட்ட சுவீடன்காரர்

நாடக அரங்கில் நடிகர்களுக்கு உடை மாற்றிவிடுகிற வேலை எனக்கு. டிரெஸ்ஸர் என்பார்கள். நடிகர் மேடையிலிருந்து ஓடி வருவார். நான் சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, திரைக்குப் பின்னால் இருட்டில் ஒரு கோட்டை உரித்து இன்னொன்றை மாட்டித் திருப்பி அனுப்பவேண்டும். வெளியே தெரிவது பொத்தான். உள்ளே எல்லாம் இழுத்தால் பிரிகிற வெல்க்ரோ ஒட்டு. லண்டன் ஓரத்து ரெய்னர்ஸ் லேனில் இருந்து இதற்காக ரயிலேறுகிறேன் என்றால் கோயிலில் சந்திக்கிற பெண்கள், "நாடகக் கொம்பனியிலையோ?" என்று புருவத்தை உயர்த்துவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் டாக்டர்கள். உயர்த்தட்டும். எனக்கு முழங்கால் வலிதான் பெரிய கவலை.

என் பொறுப்பில் விடப்பட்டவர் ஒரு சுவீடன்காரர். எழுபதைத் தாண்டியவர். பாட்டு நாடகம் ஒன்றில் மகனைக் கடலுக்குக் கொடுத்த தகப்பன் வேடம். சின்ன வேடம்தான், ஆனால் இடைவேளைக்குப் பிறகு மேடை முழுவதையும் அவருக்கு விட்டுவிடுவார்கள். தனியாக ஒரு பாட்டு.

தன் நாட்டில் அவர் கட்டாத வேடம் இல்லை. ராஜாவாகச் செத்திருக்கிறார். சிறுவர் தொலைக்காட்சியில் கோமாளியாக விழுந்து எழும்பியிருக்கிறார். கார்ட்டூன் கரடிக்குக் குரல் கொடுத்திருக்கிறார். பின்லாந்துக்குப் போகிற கப்பலில் குடிகாரர்களுக்கும், தேவாலயத்தில் குடிக்காதவர்களுக்கும் பாடியிருக்கிறார். லண்டனுக்கு வந்த பிறகு? "ரஷ்ய உளவாளி, ஜெர்மன் டாக்டர், பிறகும் ரஷ்ய உளவாளி" என்று விரல் மடக்குவார். எனக்குச் சிரிப்பு வந்தது. முன்பு நான் வேலைசெய்த தையற்கடை முதலாளிக்கும் நானும் என்னோடு தைத்த குஜராத்திப் பெண்ணும் ஒரே ஆள்தான்.

வேலை தொடங்கிய வாரம், இருட்டில் உடை மாற்றும்போது என் சப்பாத்து அவர் காலில் பட்டுவிட்டது. எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மனிதர் பயந்துபோனார், நான் மயங்கி விழுகிறேன் என்று என் தோளைப் பிடித்தார். காட்சி முடிந்து வந்ததும் விளக்கம் சொன்னேன். நாங்கள் பேசியது ஆங்கிலம், இருவருக்கும் இரவல் மொழி. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"காலாலை ஆரையும் தட்டக்கூடாது. அதுவும் வயசிலை மூத்த ஆக்களை. பாவம் வந்து சேரும்."

அவருக்கு ஒரே சிரிப்பு. "எங்கள் நாட்டில் நாடகக்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். மேடை ஏறுமுன் பின்பக்கத்தில் ஓர் உதை. அதிர்ஷ்டம். இனிமேல் நீயே கொடு."

"எனக்கு ஏலாது."

அதன் பிறகு ஒவ்வொரு ஷோவுக்கும் முதுகைக் காட்டி நிற்பார். நான் தமிழிலேயே ஏலாது என்பேன். பக்கத்து அறை டிரெஸ்ஸர், ஒரு வெள்ளைக்காரப் பெண், வந்து சந்தோஷமாக உதைத்துவிட்டுப் போவாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது, திரும்பிக்கொள்வேன்.

பனிக்காலத்தில் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். சில வாரம் மாற்று நடிகர் பாடினார். நல்ல மனிதர், நல்ல குரல், ஆனால் அந்தத் தகப்பனின் மகன் செத்ததாக எனக்குத் தோன்றவில்லை. சுவீடன்காரர் திரும்பி வந்தபோது மேலாளர் மரியாதையாகச் சொல்லிவிட்டார்: புதன்கிழமை மத்தியான ஷோவில் பாட்டு முழுதாக வந்தால் வேடம் அவருக்கு. வராவிட்டால் மாற்று நடிகருக்கே. இந்த வயதில் இதைவிட்டால் வேறு மேடை கிடைக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புதன்கிழமை பக்கத்து அறைப் பெண் காய்ச்சலென்று வரவில்லை. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு என் முன்னால் திரும்பி நின்றார். கழுத்துப் பின்புறம் வியர்த்திருந்தது. முருகா, பாவம் என் தலையில் வரட்டும் என்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு மெதுவாக ஓர் உதை கொடுத்தேன். உடனே அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே வெளிச்சத்துக்குள் நடந்தார்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில், கடலைப் பார்த்து மகனைக் கூப்பிடுகிற இடத்தில், குரல் அறுந்தது. இசைக்குழு வாசித்துக்கொண்டே போக, மிச்சத்தை அவர் பேசினார், பாடவில்லை. சபையில் பலர் அழுதார்கள். அதையும் நடிப்பென்று நினைத்திருப்பார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. அவர் உள்ளே வந்ததும், ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சுவரில் சாய்ந்து, "ஏலாது" என்றார். என் வாயிலிருந்து பொறுக்கிய தமிழ்.

அன்று வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றாமலே இருந்தேன். "என்னப்பா, ஆரோடையும் சண்டை கொழுவினீரோ?" என்று கணவர் கேட்டார். ஒரு கிழவருக்காக அழுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "கால் நோகுது" என்றேன். அதுவும் பொய்யில்லை.

அடுத்த நாள், சுவீடன்காரரின் கோட்டை மாற்று நடிகரின் உடம்புக்குத் திருத்தச் சொன்னார்கள். அவர் அகலமானவர், அதுவரை அவசரத்துக்கு வேறு கோட்டில் சமாளித்திருந்தார். சாமான் எடுக்க வந்த சுவீடன்காரர் போகாமல் நின்றார். குண்டூசிப் பெட்டியைத் தானே பிடித்துக்கொண்டார்.

"என்னை மன்னிக்க வேண்டும்" என்று மாற்று நடிகர் தொடங்கினார்.

"அசையாமல் நில், அவள் ஊசி வைத்திருக்கிறாள்" என்றார் இவர். பிறகு என்னிடம், "கக்கத்தைத் தளர்த்திவிடு. கடைசி வரியில் கை உயரும். இறுக்கமாக இருந்தால் மூச்சு எடுக்க முடியாது" என்று தன் கையை உயர்த்திக் காட்டினார். கை மேலே போய், அங்கேயே நின்றது. உதடுகள் அந்த வரியைச் சத்தமில்லாமல் சொல்லி முடித்தன. அதற்குப் பிறகுதான் கையை இறக்கினார்.

எனக்குக் கண்ணீர் பார்வையை மறைத்தது. மாற்று நடிகர் "ஆ!" என்றார். ஊசி அவர் விலாவில் ஏறிவிட்டது. நான் வேண்டுமென்று குத்தவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.