தானாக முளைத்த வரிசை

என் மேசைமேல் ஒரு கறுப்புப் பாலித்தீன் பை இருக்கிறது. உள்ளே இரண்டு கைப்பிடி மண், அதில் இலை முறுக்கிக்கொண்ட ஓர் எண்ணெய்ப்பனை நாற்று. போர்ட் பிளேரில் என் வீட்டைத் தேடி வந்த ஓர் இளம் அதிகாரி கொண்டுவந்து வைத்தது. இனிமேல் லாரியும் பஸ்ஸும் இந்த எண்ணெயில் ஓடலாமாம். பழைய தோட்டங்களின் எல்லைகளை மறுபடி பார்க்கிறார்களாம். ஓர் ஓடைக்கரைப் பனை வரிசையில்தான் அவருக்குச் சிக்கல். "ரெக்கார்டுல தானா முளைச்சதுன்னு இருக்கு சார். நேர்கோட்டுல எப்படி சார் தானா முளைக்கும்?" என்று கேட்டார்.

எழுபதுகளில், போர்ட் பிளேருக்குத் தெற்கே கப்பலேறிப் போகவேண்டிய ஒரு தீவில் காட்டை அழித்து எண்ணெய்ப்பனை வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே நாற்றங்கால் பொறுப்பாளன். பெயர்தான் பெரிது. வேலை என்னவோ, கப்பலில் வந்த விதைகள் முளைத்தபின் நல்ல நாற்றை நிறுத்தி, கோணலானதைக் கழித்து எரிப்பது. பையில் மண் நிரப்பும் பெண்களில் ஒருவர் இராமநாதபுரத்துக்காரர். கணவர் இல்லை, ஒரே மகள். எனக்குப் பத்து வயது மூத்தவர், அதனால் அக்கா. எங்கள் தீவில் அரிசியும் கப்பலில்தான் வரவேண்டும். மழைக்காலத்தில் கப்பல் நின்றுபோனால் ரேஷன் கடையில் எடைக்கல் மட்டும்தான் இருக்கும். அதனால் அக்கா, கூலியாட்களின் லைன் வீடுகளுக்குக் கீழே ஓடையோரம் கொஞ்சம் காட்டைத் தானே வெட்டித் திருத்தி நெல் விதைத்திருந்தார். கப்பல் வராத மாதங்களில் தாயும் மகளும் அந்த நெல்லைத்தான் குத்திச் சாப்பிட்டார்கள். எனக்கும் இரண்டொரு முறை அந்தச் சோறு கிடைத்திருக்கிறது. சிவப்பாக, கல்லோடு இருக்கும்.

அந்த நிலத்துக்குப் பட்டா கிடையாது. ஆனால் நிற்கிற மரத்தைப் பார்த்துத்தான் பட்வாரி, அதாவது நிலக் கணக்கு எழுதுகிறவர், யாருடைய அனுபவம் என்று எழுதுவார் என்று எல்லாரும் நம்பினோம். அக்கா ஒருநாள் நாற்றங்காலில் தயங்கி நின்றார்.

"தம்பி, நெல்லு அறுத்துட்டா வெறுங்காடாத்தானே தெரியும். சுத்தி நாலு மரமாச்சும் நின்டா பட்வாரி நம்ம ஜமீனு, நம்ம நெலமும்பாரு. தென்னம்புள்ளைக்கு நான் எங்க போக? நீ எரிக்கிறதைக் குடுத்தா என்ன?"

கொடுத்தேன். கழித்துப்போட்ட நாற்பது நாற்றுகள். எரித்துவிட்டதாக எழுதினேன். மரம் என்றால் மரம்தானே என்று இரண்டு பேருமே நினைத்தோம். எந்த மரம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. இரவு பகலாக அந்த மரத்தோடு கிடந்த எனக்கே உறைக்கவில்லை என்பதை என்னவென்று சொல்வது. அக்கா கயிறு கட்டி, நூல் பிடித்த மாதிரி வயலைச் சுற்றி நட்டார். நான் கோணல் என்று தள்ளியவை ஓடைத் தண்ணீரில் ஜம்மென்று எழுந்து நின்றன.

இரண்டு வருடம் கழித்துத் தோட்டத்தை விரிக்க அளந்துகொண்டு வந்தார்கள். பட்வாரி, தோட்டத்துப் பெரிய அதிகாரி, நாற்று எண்ணிக்கை சொல்ல நான். வயலில் கதிர் பால் பிடித்திருந்தது. அதிகாரி கதிரைப் பார்க்கவில்லை, பனை வரிசையைப் பார்த்தார். இது நம் மரமாயிற்றே, யார் நட்டது என்று இந்தியில் கேட்டார். தான் நட்டதாக அக்கா சொன்னால் அவருக்குத் திருட்டுப் பட்டம். நான் கொடுத்ததாகச் சொன்னால் என் வேலை போகும். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் குனிந்து நோட்டைப் புரட்டினேன்.

"அப்னே ஆப் ஆயா, சாப்" என்றார் அக்கா. தானாகவே முளைத்து வந்ததாம்.

தீவில் அதுவரை ஒரு பனைகூடக் காய்க்கவில்லை. விதை விழ வழியே இல்லை. அதிகாரி சிரித்துவிட்டு, அப்படியே எழுதச் சொன்னார். யாரும் நடாத மரம் தோட்டத்து மரம், மரம் நிற்கிற நிலம் தோட்டத்து நிலம். வயலை எடுத்துக்கொள்ள அறுவடைவரைகூடப் பொறுக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் கப்பல் தாமதித்தபோது அக்கா மரவள்ளிக் கிழங்கு கேட்டு லைன் வீடுகளில் ஏறி இறங்கியதைப் பார்த்தேன். என் பங்கு அரிசியைக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார். அதுவே எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

எனக்காகத்தான் அப்படிச் சொன்னீர்களா என்று கேட்டேன். மண் நிரப்பிக்கொண்டே பதில் சொன்னார்: "ஒனக்காகன்னு ஏன் நெனைக்கிற? திருடின்னாக்க எனக்கும் காம் போயிரும்ல, கூலி நின்டுரும்ல." அடுத்த பையை எடுத்துக்கொண்டு, "தேனெடுக்க வர்ற காட்டாளுக பாதையத்தான் தம்பி நான் வெட்டி வயலாக்குனேன். அவுக ஒருநா வந்து நின்டு பாத்துட்டு, ஒண்ணும் பேசாமப் போனாக. நான் யார்ட்டப் போயி ஞாயம் கேக்க?" என்றார்.

மகளைக் கட்டிக்கொடுத்து அவளோடு மாயாபந்தர் பக்கம் போய்விட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் என்னைக் காப்பாற்றினாரா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா, இல்லை சலித்துப்போய் விட்டுக்கொடுத்தாரா? மூன்றையும் மாற்றி மாற்றி நம்பிப் பார்த்துவிட்டேன். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. நான் இரக்கப்படாமல் அந்த நாற்பதையும் எரித்திருந்தால் வயல் பிழைத்திருக்குமோ என்னவோ. அதுவும் நிச்சயமில்லை.

"தானா முளைக்கல. நான்தான் கொடுத்தேன், ஒரு அம்மா நட்டாங்க" என்றேன் இளம் அதிகாரியிடம். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. அவர் பேனாவைத் திறந்தார்.

"அப்ப நிலம் அவங்களோடதுன்னு போடலாமா சார்?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கள் பாதை வயலானதைப் பார்த்து ஒன்றும் பேசாமல் திரும்பிப் போன அந்தக் காட்டு ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, அந்த வரிசையின் பழத்திலிருந்து முளைத்தது என்று சொல்லி இந்தப் பையை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் ரெக்கார்டில் நிலம் யாருடையது என்ற இடம் காலியாகத்தான் இருக்கும்.

என் பழைய கணக்குப்படி இது கழிக்கவேண்டிய நாற்று. எரிக்க மனம் வரவில்லை. வாசலில் இடமிருக்கிறது, ஆனால் மண்ணில் வைக்கப் பயமாக இருக்கிறது. பையிலேயே வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். வேர் அடியில் பையைக் கிழித்து வெளியே வந்துவிட்டது.