இரண்டு தலை உள்ள ஆர்ட்கார்

மில்தா செருப்பைக் கழற்றாமல் தூங்குகிறவள். பதினாறு வயதில் தொற்றிய பழக்கம். ஆற்றோர ஊருக்குக் கடல்கொள்ளையரான டேனியர் படகில் வந்து தீ வைத்த அன்று, அறுத்த வயலின் கூரான அடித்தாளில் வெறுங்காலோடு ஓடியவளுக்குக் குதிகால் கிழிந்து குளிர்காலம் முழுக்க ஆறவில்லை.

மிஞ்சிய சனம் குன்றுக்கு ஏறியது. எந்தக் காலத்து மனிதர்களோ வெட்டிப்போட்ட மண்கரை அங்கே இருந்தது. அதன்மேல் கல்சுவர் எழுப்பச் சொல்லி அரசனின் ஆணை வந்தது. சுவர் நின்றது, நாணயம் அடிக்கும் கொட்டில்கூட வந்தது. தேவாலயத்துக்கு மட்டும் சிலுவை வடிவில் அஸ்திவாரக் குழி வெட்டியதோடு சரி. கல்லெல்லாம் சுவருக்கே போனது. தண்ணீர் அடிவாரத்தில்தான். மில்தா தோள்கட்டையில் வாளி கட்டி நாளுக்கு நான்கு நடை ஏறி இறங்கி, பார்லி பியர் காய்ச்சி விற்றாள்.

கொத்தன் ஆர்ட்காரை அங்கேதான் கட்டிக்கொண்டாள். அவனுக்கும் சுண்ணாம்பு சுடும் டுடாவுக்கும் ஏழாம் பொருத்தம்.

"உன் சுண்ணாம்புல கட்டினா, ஆடு முட்டினாலே சுவர் விழும்டா" என்பான் ஆர்ட்கார்.

"உன் கல்லு மட்டும் ஒழுங்கோ? உன் மூக்கு மாதிரியே கோணல்" என்பான் டுடா.

கோட்டை வாசலுக்கு உத்திரம் ஏற்றிய அன்று கயிறு அறுந்தது. இருவரும் அடியில் நசுங்கினார்கள். அந்த நேரம் பார்த்து ஆற்றுப்பக்கம் டேனியர் தீ வைத்த புகை தெரிந்தது. சுவருக்கு ஓடுகிற அவசரத்தில், தேவாலயத்துக்கு வெட்டிய இடத்தின் நடுவே ஒரே குழியில் இருவரையும் போட்டு மூடினார்கள்.

"அடுத்த கோடையில மறைமாவட்ட ஆயர் வந்து இந்த மண்ணை மந்திரிச்சுப் புனிதமாக்கிடுவார், கவலைப்படாதே" என்றார் பாதிரியார் ஆல்ஃப்சி.

ஆறு கோடை போயிற்று. ஆயர் வரவில்லை. டேனியரின் அரசனே நாட்டுக்கு அரசனானான். அறுவடை முடிந்து வரும் மிக்கேல் திருநாளுக்குள் சுவரை இடித்துவிட்டு எல்லோரும் பழைய ஊருக்கு இறங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

மில்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பியர் பொங்கி வழிவதும் தெரியாமல் வாசலுக்கும் குழிக்கும் நடந்தாள். மந்திரிக்காத மண்ணில் கிடப்பவன், கடைசி எக்காளம் ஊதிச் செத்தவர்களை எழுப்பும் நாளில், ஊர் காலியான குன்றில் மேயும் ஆட்டுமந்தைக்கு நடுவே எழுந்து திருதிருவென முழிப்பானே!

"சாமி, அவரைக் கீழ மந்திரிச்ச கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோயிடலாம்" என்றாள் பாதிரியாரிடம்.

"புதைச்சவங்களைத் தோண்ட ஆயர் அனுமதி வேணும்மா."

"அந்த ஆயர்தானே ஆறு வருஷமா வரல?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அந்தப் பக்கம் திரும்பி நின்னா போதும்."

இடிக்கிற ஆட்கள் ரொட்டி தின்ன உட்கார்ந்த உச்சிப்பொழுதில் மண்வெட்டியோடு குழியைத் தோண்ட இறங்கினாள். வாசல் கற்களைக் கீழே ஏற்றிப்போகும் வண்டிக்காரன் புரூனுக்கு ஒரு ஜாடி பியர் கொடுத்து நிறுத்தி வைத்திருந்தாள்.

இடது கால் எலும்பு முதலில் கிடைத்தது. சாரத்திலிருந்து விழுந்து முறிந்து, கோணலாகக் கூடிய கால். ஆர்ட்கார்தான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் சங்கடம். உத்திரம் நசுக்கிய உடல்கள். விலா எது எவனுடையது, விரல் எது எவனுடையது? மண்டையோடு இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தாள். கோண மூக்கு மண்ணோடு போயிருந்தது.

"சீக்கிரம் அக்கா, ஆளுங்க எழுந்துட்டாங்க!" என்றான் புரூன்.

ஒன்றை விட்டுப்போனால், அது ஆர்ட்காராக இருந்துவிட்டால்? எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிப் போட்டாள்.

"ரெண்டு பேரையுமா? வழியெல்லாம் சண்டை போடுவாங்களே!"

"போடட்டும். நீ மாட்டை ஓட்டு."

கீழே ஆல்ஃப்சி சாக்கின் வாயைப் பிரித்தார். உள்ளே பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"தலை ரெண்டு இருக்கே, மில்தா?"

"ஆமா சாமி. அவருக்கு ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு சண்டைக்கு."

பாதிரியார் சிரிப்பை விழுங்கிக்கொண்டு செபத்தைத் தொடங்கினார். நடுவில் டுடாவின் பெயரும் மெல்லக் கேட்டது.

பிறகு முப்பது வருடம் மில்தா இருந்தாள். குன்றில் பார்லி விதைத்தார்கள். அங்கே ஊர் இருந்தது என்றால் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் மட்டும் உழவு முடிந்ததும் ஏறிப்போவாள், புரட்டிப்போட்ட மண்ணைக் காலால் கிளறிக்கொண்டே நடப்பாள். விரல் எலும்பு ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று.

படுக்கையில் விழுந்தபோது, புருஷனுக்கு எந்தப் பக்கம் புதைக்க என்று கேட்டார்கள்.

"எந்தப் பக்கம் அவரு, எந்தப் பக்கம் அந்தச் சுண்ணாம்புக்காரன்னு யாருக்குத் தெரியும்? கால்மாட்டுல போடுங்க. எழுந்திரிக்கும்போது எவன் நொண்டுறான்னு பார்த்துக்கிறேன்."

சற்றுக் கழித்துச் சொன்னாள்:

"செருப்பைக் கழற்றிடாதீங்க."