பெரியப்பா தூக்கிய கை

சுதந்திரம் கிடைத்த புதிதில் இலங்கையின் பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், சுவிஸ் நகரமான லா ஷோ-து-ஃபோனில் எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்துறங்கினார். அப்பாவின் பெரியப்பா அவர். அப்பாவைப் பார்த்து நானும் அவரைப் பெரியப்பா என்றே கூப்பிட்டேன். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்தபின் அப்பா அவரை இங்கே எடுப்பித்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அவர் ஒரே ஒரு தவணை துணை மந்திரியாகவும் இருந்தவர். அடுத்த தேர்தலில் ஊர் அவரைக் கட்டுக்காசு கூட மிஞ்சாமல் தோற்கடித்தது. இந்தப் பின்பாதியை வீட்டில் யாரும் கதைப்பதில்லை. முன்பாதியை நான் பள்ளிக்கூடமெங்கும் பரப்பியிருந்தேன். வகுப்பில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழ்ப் பிள்ளை சாந்தி. அவள் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தியின் அப்பா அவளுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மலைநாட்டுக்காரர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இங்கே கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கதிரை நுனியில் இருந்தபடி பணிவாகத்தான் கேட்டார்.

“ஐயா, தோட்டத்து ஆளுங்களோட பிரஜாவுரிமைய எடுத்த சட்டத்துக்கு நீங்களும் கை தூக்குனீங்களா?”

அப்பா இடையில் ஏதோ சொல்லப் போனார். பெரியப்பா அவரைத் தடுத்தார்.

“ஓம். தூக்கினனான்.”

“எங்கப்பா இந்தியாவையே பாத்ததில்லீங்க. அறுபது வயசுல அவர தலைமன்னார்ல கப்பல் ஏத்துனாங்க. அப்புறம் நான் அவர பாக்கவே இல்ல.”

அம்மா வைத்த தேநீரைத் தொடாமல் எழுந்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து சாந்தி என் பக்கத்தில் உட்காரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெரியப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, சாந்தி வீட்டை என்னைக் கூட்டிக்கொண்டு போறியோ? அந்த மனுசனோடை கொஞ்சம் கதைக்க வேணும்.”

முழங்காலளவு பனி. என் தோளைப் பிடித்தபடி, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி வந்தார். கண்ணில் வெண்படலம் விழுந்திருந்ததால் அழைப்புமணிப் பலகையிலிருந்த பெயர்களை அவரால் வாசிக்க முடியாது. மூன்றாம் மாடியில் சாந்தி வீட்டு யன்னலில் வெளிச்சம் தெரிந்தது. நான் மணிக்குப் பக்கத்தில் வெறும் பலகையை அழுத்தினேன். கொஞ்சம் பொறுத்து, “ஆக்கள் இல்லை, பெரியப்பா” என்றேன்.

எங்கள் வீட்டுக்கே வந்து பெரியப்பாவைத் தலைகுனிய வைத்தவர் முன்னால் பெரியப்பாவே போய் நிற்பதை என்னால் பார்க்க முடியாது என்றிருந்தது.

“இன்னொருக்கா அடிச்சுப் பார்.”

இன்னொருமுறையும் பலகையைத்தான் அழுத்தினேன்.

“சரி, வேற நாள் வருவம்” என்றார்.

சளி நெஞ்சில் இறங்கி, மூன்று நாளில் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதற்கிடையில் சாந்தியின் அப்பாவுக்கு ஊஸ்டர் என்ற தூரத்து ஊரில் வேலை கிடைத்து அந்தக் குடும்பமே போய்விட்டது. எங்கள் வீட்டில் ஒருவரும் முகவரி வாங்கி வைக்கவில்லை. கட்டிலருகே நான் போகும்போதெல்லாம் பெரியப்பா, “அந்த ஆக்கள் வந்திட்டினமோ?” என்று கேட்பார். இல்லை என்பேன். பனி உருகுமுன் காலமானார்.

அவருடைய மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் அந்த வாசல்வரை வந்தார் என்பதும், அதைக் கேட்க வேண்டிய மனிதர் மேலே விளக்கைப் போட்டுக்கொண்டு இருந்தார் என்பதும் அன்று எனக்கு விளங்கவில்லை.