கொளுக்கியில் தொங்கிய கண்ணாடி

எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே இதயக் குழாய் அடைப்பை எடுக்கிற அறையில் நான் பதினொரு வருடமாகத் தாதி. ஈயக் கவசம் ஒன்றே தோளைப் பிய்க்கும். அது போதாதென்று ஈயக் கண்ணாடி வேறு. மூக்கில் புண் வரும். முகமூடிக்குள்ளிருந்து மேலே வரும் மூச்சு ஆவியாகப் படியும். மருத்துவர் கையை நீட்டி அவசரப்படுத்தும்போது எதைக் கண்டு எடுத்துக் கொடுப்பது? சனியனே என்று கழற்றி, கதவுக்கு வெளியே கொளுக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போவேன். எல்லாரும் அப்படித்தான்.

கண்ணில் படும் கதிரை அளக்கும் சின்னக் கருவி அந்தக் கண்ணாடிச் சட்டத்தில்தான் ஒட்டியிருந்தது. மாதாமாதம் அனுப்பி அளப்பார்கள். என் பெயருக்கு நேரே எப்போதும் பூச்சியம். அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன், மடைச்சி.

போன கோடையில், நாங்கள் இருக்கும் சீசா வட்டாரத்தில் பேருந்துக்கு நிற்கும்போது, வெயில் பட்டதும் இடக்கண்ணுக்கு எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. வெண்படலம், அதாவது கண்புரை என்றார் கண் மருத்துவர். நாற்பத்து மூன்று வயதில்! கதிர் பட்டாலும் இது வருமாம். வலக்கண்ணிலும் தொடங்குகிறதாம். அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று, என்னை வேறு பிரிவுக்கு மாற்றும்படி எழுதிக் கொடுத்தேன். ஊழியர் நலம் பார்க்கும் மருத்துவர் வரச் சொன்னார்.

அன்று காலை கணவர் தேத்தண்ணீரை வைத்துவிட்டுச் சொன்னார்: "கண்ணாடி போட்டனான் எண்டே சொல்லும். இல்லாட்டி பிழை முழுக்க உம்மடை தலையிலை போட்டுடுவாங்கள்."

"போட்டனான் எண்டால் அந்தப் பூச்சியம் சரியெண்டாகும். பிறகு என்னை என்னத்துக்கு மாத்துவாங்கள்?"

"அப்ப என்ன செய்யப்போறீர்?"

"தெரியேல்லையப்பா. களைச்சுப் போனன்."

மருத்துவர் தாளை என் பக்கம் திருப்பினார். "சிஞ்ஞோரா, இத்தனை வருடத்தில் உங்கள் கண்ணுக்குக் கதிரே படவில்லையே" என்று அன்பாகத்தான் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது கண்ணாடிக்குப் பட்ட அளவு. அது வெளியே தொங்கியது. நான் உள்ளே நின்றேன்."

"அப்படியானால் கண்ணுக்கு எவ்வளவு?"

"அதை ஒருவரும் அளக்கவில்லை."

அவர் நெடுநேரம் எழுதினார். கேட்டபடி மாற்றம் கிடைத்தது. காரணம் என்ற இடத்தில் கண்ணைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பாதுகாப்பு விதியை மீறியவர் என்று இருந்தது. எங்கே கையெழுத்து வைப்பது என்று கேட்டேன். கோடு இருந்த இடத்தில் அவர் விரலை வைத்துக் காட்டினார்.