கதவைச் சாத்திவிட்டுக் கட்டிய லேஸ்

ஷூ கம்பெனியில் பல வருஷம் நான் பார்த்த வேலை லேஸ் கோர்ப்பதுதான். விடிந்தும் விடியாததுமாக ஆலங்காயத்துக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். ஏறி உட்கார்ந்தால் வாணியம்பாடி தாண்டி இறக்கிவிடும். ஃபினிஷிங் செக்‌ஷனில் நீளமான ஒரு மேஜை, அதன் இரண்டு பக்கமும் பெண்கள். உள்ளே காகிதம் திணித்த ஷூக்கள் ஒவ்வொன்றாக முன்னால் வரும். லேஸைக் கோர்த்து, இழுத்து, நுனிகளை உள்ளே செருகி, அடுத்தவளிடம் தள்ள வேண்டும். அந்த ஷூ யார் காலுக்குப் போகிறது, எந்த ஊர் ரோட்டில் நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அதைப் பற்றி நினைக்க நேரமும் இருக்காது.

அப்படிப்பட்ட எனக்கு என் காலில் கிடக்கும் ஷூவுக்கே லேஸ் கட்ட முடியாமல் போயிற்று. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

முதுகுத் தண்டில் ஜவ்வு விலகி ஆபரேஷன் செய்தார்கள். முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு கட்டளை போட்டார். குனியக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. என் இடது பாதம் மரத்துப் போயிருந்தது. செருப்பு கழன்று எங்கேயாவது விழுந்தால்கூட எனக்குத் தெரியாது. "காலை நல்லா கவ்விப் பிடிக்கிற ஷூவா போடுங்கம்மா" என்றார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் வெள்ளையாக ஒரு ஜோடி ஸ்னீக்கர்ஸ் வாங்கி அனுப்பினாள். புடவைக்குக் கீழே அதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. சிரிக்கட்டும், என் கவலை அதுவல்ல. குனியாமல் லேஸ் எப்படிக் கட்டுவது? டாக்டரும் இதை யோசிக்கவில்லை, மகளும் யோசிக்கவில்லை. ஒட்டுகிற பட்டை வைத்த ஷூ என்றாலும் குனிந்துதானே ஒட்ட வேண்டும்?

கடைசியில் என் கணவர்தான் கட்டினார். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். செம்புக் கம்பியை இழுத்துச் சுற்றிப் பழகிய கை. அவர் ஒரு முடிச்சுப் போட்டால் அதை அவிழ்க்கவும் அவரேதான் வர வேண்டும்.

முதல் நாள் வாசலில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார். ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, என் பாதத்தைத் தூக்கி இன்னொரு முட்டியின் மேல் வைத்துக்கொண்டு கட்டினார். எனக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என் பாதத்தைத் தொட்டதே இல்லை. எதிர் வீட்டுக்காரி குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்று பார்த்தாள்.

"இன்னாண்ணே, காலங்காத்தால அண்ணி கால்ல வுழுந்துட்ட?" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவரும் சிரித்தார். ஆனால் மறுநாள் நாற்காலி வீட்டுக்குள் போய்விட்டது. நிலைப்படியை ஒட்டி ஒரு கோணியை விரித்து, அதன் மேல் நாற்காலியைப் போட்டார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து கட்டினார்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். ஏன் சாத்துகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்ல வேண்டியிருக்கும், நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். தாழ்ப்பாள் விழும் சத்தம் காதில் பட்டதும் என் உடம்பு கூசும். திருட்டுச் சாமான் ஒன்றை வீட்டில் ஒளித்து வைத்திருப்பவள் போல உட்கார்ந்திருப்பேன். அவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு வேகமாகக் கட்டுவார். கட்டி முடித்ததும் ஒரு கேள்வி வரும்.

"எங்க?"

எங்கே என்று சொல்ல எனக்குத்தான் இடம் ஏது? காலையில் கட்டிவிட்டுக் கடைக்குப் போகிறவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். ஷூவோடு சாமி படம் மாட்டிய வீட்டுக்குள் நடமாட எனக்கு மனசு ஒப்பாது. அதனால் ஷூ போட்ட நாள் வெளியோடு சரி. தாகம் எடுத்தால்கூட உள்ளே வந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொள்ள முடியாது. போடாத நாள் உள்ளோடு சரி. போட்டுக்கொண்டு போனாலும் மருந்துக் கடை வரை போகலாம், பஸ் ஸ்டாண்டு வரை போகலாம். கோயில், கல்யாணம், சொந்தக்காரர் வீடு எதுவும் ஆகாது. எல்லா இடத்திலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவர் கூட வந்தாலும் அங்கே சாத்துவதற்குக் கதவு இல்லை.

"நீ வூட்லயே இரு, நான் போய்ட்டு வந்துடறேன்" என்பார். என் பங்குக்கும் சேர்த்து அவரே எல்லா இடத்துக்கும் போய் வந்தார்.

அந்தச் சாவுக்கும் அவர்தான் போனார்.

லேஸ் மேஜையில் எனக்கு வலப்பக்கம் எப்போதும் ஒருத்திதான் உட்காருவாள். ஜவ்வாது மலைக்காரி. புருஷனும் அவளுமாக ஆலங்காயத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு கம்பெனிக்கு வந்தாள். என் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்கு, அவளுடையதில் பாதி எனக்கு. என் மகள் வயிற்றில் இருந்தபோது சூப்பரவைசர் கண்ணில் படாமல் என் ஷூக்களையும் சேர்த்துக் கோர்த்துத் தள்ளியவள் அவள். பிறகு வேலையை விட்டுவிட்டு மலைக்கே திரும்பிப் போய்விட்டாள். அவள் புருஷன் இறந்துபோன சேதி வந்தபோது நான் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தேன். இவர் போய்விட்டு வந்தார்.

"இன்னா சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. நீ வர்லியான்னு மட்டும் கேட்டா."

அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. போனில் பேசிப் பார்த்தேன். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அவள் அழுவது பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. துக்கத்தைப் போனில் விசாரித்தால் அது விசாரித்ததாகுமா? பக்கத்தில் உட்கார்ந்து, கட்டிப் பிடித்து, சேர்ந்து அழுதுவிட்டு வர வேண்டிய வீடு அது. மாசம் ஒன்று போய், இரண்டு போய், மூன்றும் ஆயிற்று. அந்த வீட்டு வாசலை மிதிக்காதவளாக நான் இருந்தேன்.

அப்போதுதான் மகள் கட்டத் தேவையில்லாத லேஸ் என்று ஒரு பாக்கெட்டை கூரியரில் அனுப்பினாள். பிரித்தால், பாவாடையில் நாடாவுக்குப் பதிலாகப் போடுகிற எலாஸ்டிக் மாதிரி, ஆனால் உருண்டையாக, இழுத்தால் நீள்கிற லேஸ். நுனியில் மாட்டச் சின்னச் சின்ன இரும்புக் கிளிப்.

"ஒரு தடவ மாட்டிட்டா போதும்மா. அப்புறம் செருப்பு மாதிரி நுழைச்சிக்கலாம், கழட்டிக்கலாம்" என்றாள்.

பாக்கெட்டில் படம் போட்ட ஒரு தாளும் இருந்தது. நான் அதைப் பிரிக்கவே இல்லை. லேஸ் கோர்க்க எனக்கே பாடமா? ஷூ இரண்டையும் மேஜை மேல் வைத்தேன். மேஜை உயரத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. பழைய செய்தித்தாளைக் கசக்கி உருட்டி ஷூவுக்குள் திணித்தேன். கோர்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வரும்வரை இழுத்தேன். கிளிப்பை மாட்டி அழுத்தி, மிச்சத்தைக் கத்தரித்துப் போட்டேன். கம்பெனியில் பெட்டிக்குள் போகிற ஷூ மாதிரி அவ்வளவு லட்சணமாக இருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை அவர் குளித்துவிட்டு வருவதற்குள் சுவரைப் பிடித்து நின்றுகொண்டு, நீளமான இரும்பு ஸ்கேலைக் குதிகாலுக்குப் பின்னால் கொடுத்துக் காலை அழுத்தினேன். சிரமப்பட்டுத்தான் போயிற்று, ஆனால் போய்விட்டது. வலது கால் இறுக்குகிறது என்றது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று அதை அடக்கினேன். இடது கால் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் என் காலைப் பார்த்து நின்றார்.

"மலைக்குப் போறேன். அவளப் பாத்துட்டு சாயங்காலம் வந்துடுவேன்" என்றேன்.

"பஸ்ல தனியாவா?"

"தனியாத்தான்."

கொஞ்ச நேரம் ஷூவையே பார்த்தார். "கழட்ட வருதா?" என்று கேட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அதெல்லாம் வரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். "எதுனா ஒண்ணுன்னா போன் போடு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. போன் போட்டால் கதை முடிந்தது. அதன் பிறகு ஜென்மத்துக்கும் என்னைத் தனியாக அனுப்ப மாட்டார். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் முன் சீட் கிடைத்தது. வளைவுக்கு வளைவு கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காவலூர் வருவதற்குள் வலது கால் வீங்கி விண் விண்ணென்று தெறித்தது. அங்கே இறங்கி மெதுவாக நடந்தேன். அவள் வீடு ரோட்டிலிருந்து தூரமில்லை.

வாசல் முழுக்கச் சாமை காய்ந்தது. சாணி மெழுகிய தரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தானியம். அவளுடைய மருமகள் வெறுங்காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்குப் போகிற பொருள். செருப்புக் கால் அதில் படக் கூடாது.

"வாங்கத்த, வாங்க" என்று அந்தப் பெண் கூப்பிட்ட சத்தத்தில் என் சிநேகிதி வெளியே வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "வந்தியாடி, இப்பதான் வழி தெரிஞ்சிதாடி உனக்கு" என்று குரலெடுத்து அழ ஆரம்பித்தாள்.

நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் வந்தேன். வலது கால் நுனியால் இடது குதிகாலை மிதித்து ஷூவைத் தள்ளினேன். அசையவில்லை. இடதால் வலதை மிதித்தேன். அதுவும் அசையவில்லை. கொஞ்சம் பலமாக உதறினேன், முதுகில் சுரீர் என்றது. அவள் அங்கே அழுகிறாள், நடுவில் சாமை கிடக்கிறது, நான் இந்த ஓரத்தில் நின்று இரண்டு குதிகாலையும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

"இன்னாத்த, அங்கயே நின்னுட்டீங்க?" என்றாள் மருமகள்.

பையிலிருந்த போனைத் தொட்டேன், விட்டுவிட்டேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் நான் அழுதது செத்தவருக்காக இல்லை. வீட்டில் கதவுக்குப் பின்னால் அடைந்து கிடந்தேன், அதை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் இந்த ஷூவுக்குள் மாட்டிக்கொண்டேனே என்றுதான் அழுதேன்.

அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சாமையின் மேல் நடந்து என்னிடம் வந்தாள்.

"இன்னாடி, உள்ள வரமாட்டியா?"

"ஷூ கழல மாட்டேங்குதுடி. என்னால குனியவும் முடியாது."

அவள் அப்படியே குந்தினாள். லேஸ் மேல் விரலை ஓட்டினாள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக, அழகாக, இறுக்கமாக இருந்ததைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"பேப்பர் வெச்சா கட்டின?"

நான் பார்வையைச் சாமை பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"அடிப்பாவி, பேப்பர் வெச்சிதானே கட்டின! உள்ள கால வுட்டு இல்ல அளவு பாக்கணும்? உன் காலு பேப்பராடி?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முதலில் மூக்கால் சிரித்தவள் அப்புறம் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தேன். புருஷனைப் பறிகொடுத்த வீட்டில் மாமியார் சிரிப்பதைப் பார்த்து மருமகள் கிளறுவதை நிறுத்திவிட்டாள்.

என் காலைத் தூக்கித் தன் முட்டி மேல் வைத்துக்கொண்டாள். ரோட்டில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. பல்லால் கடித்துக் கிளிப்பைத் திறந்தாள். மேல் ஓட்டைகளிலிருந்து லேஸை உருவி, கிடைத்த நீளத்தைக் கீழே தளர்த்திவிட்டு மறுபடி மாட்டினாள். அடுத்த காலுக்கும் அப்படியே செய்தாள்.

"மேல ரெண்டு ஓட்டைய சும்மா வுட்டுடு. சூப்பரவைசர் பாத்தா ரிஜெக்ட்தான், பாக்கட்டும்" என்றாள்.

குதிகாலை உயர்த்தினேன். ஷூ தானாகக் கழன்றது. வெறுங்காலோடு சாமை மேல் நடந்தேன். வலது பாதத்தில் குறுகுறுவென்று தெரிந்தது, இடதில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே கட்டிலில் என்னை உட்கார வைத்து, பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் இரண்டு பேரும் செத்தவருக்காக அழுதோம்.

துக்க வீட்டில் போய்ட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது. சாயங்காலம் பேசாமல் எழுந்து வந்தேன். வாசல் ஓரத்தில் நின்றபடியே காலை ஷூவுக்குள் விட்டேன், எடுத்தேன், மறுபடி விட்டேன். அவள் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்ட வந்துதா?" என்று வீட்டில் இவர் கேட்டார்.

"வந்துது" என்றேன். மீதியைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவர் காபி தம்ளரை வைத்துவிட்டு வழக்கம்போல எழுந்தார். கோணியை விரித்தார், நாற்காலியைப் போட்டார். போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பியபோது நான் கோணி மேல் நின்றுகொண்டிருந்தேன், இரண்டு காலிலும் ஷூவோடு. அவர் நாற்காலியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுக்கவும் இல்லை, கதவைத் திறக்கவும் இல்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில் இத்தனை நாள் கோபமும் சேர்ந்து வந்தது.

"போய்ட்டு வர்றேன்" என்றேன்.

"எங்க?"

"அது இன்னும் முடிவு பண்ல. மொதல்ல கதவத் தொறங்க."