மேப்பிலிருந்து இறங்காதவர்கள்

கடைகளை மேப்பில் ஏற்றுவதுதான் எங்கள் தொழில். ஏற்றியதை இறக்குவது எப்படி என்று எங்களுக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ராஜபாளையத்தில் நான், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜமீலா, ஆளுக்கொரு லேப்டாப். கடைக்காரர்களுக்கு வெப்சைட் போடுவோம், தேடினால் அவர்கள் பெயர் முதலில் வர வழி செய்வோம். மேப்பை நம்பி முட்டுச்சந்தில் நின்றவர்கள், மூடிய கடைக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம் சொன்னால் புரியும்.

சேத்தூர் ஒர்க்‌ஷாப்

சேத்தூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். அவர் கணவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தேடுகிறவர்கள் இன்னும் அவர் நம்பருக்கு அழைக்கிறார்கள், அந்தப் போன் இப்போது அக்காவிடம். "எடுத்திரு தாயி. செத்துப்போனாகன்னு தெனமும் என் வாயால சொல்ல முடியல" என்றார்.

இடம் சரிதானா என்று பார்க்க மேப்பில் தெருவின் படத்தைத் திறந்தேன். கேமரா கார் என்றைக்கோ அந்த வழியாகப் போனபோது எடுத்தது. கடை வாசலில் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகத்தை மட்டும் இயந்திரம் மங்கலாக்கியிருந்தது. அம்புக்குறியை அழுத்தினேன். அடுத்த படத்தில் அந்த முகமில்லாத தலை எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அதற்கடுத்ததில் எழுந்து நின்றார். பிறகு ஸ்டூல் மட்டும் இருந்தது. அக்கா என் கையைப் பிடித்து, பின்னால் போகச் சொன்னார். உட்கார்ந்திருக்கும் படம் வந்ததும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்க வேண்டாம் தாயி. போன் வந்தா, அவிய செத்த நேரம் வெளிய போயிருக்காகன்னு சொல்லிக்கிடுதேன்."

கூமாப்பட்டிக்கு வழி

கூமாப்பட்டிப் பக்கம் ஒரு மாந்தோப்பு. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், தோப்புக்குள் தங்கும் அறைகள் கட்டியிருந்தார். கோடையில் நானே நேரில் போய் மேப்பில் குறி வைத்தேன். மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் ஒரு பெண் எனக்குப் போன் செய்தார். அறை எடுப்பவர்களுக்காக வெப்சைட்டில் என் நம்பரும் இருக்கும். "மேப் நேராப் போகச் சொல்லுது. ரோடு தண்ணிக்குள்ள போகுது" என்றார். காரில் இரண்டு பிள்ளைகள். முன்சக்கரம் இறங்கிவிட்டிருந்தது. போனுக்குள் அவர் குரலுக்குப் பின்னால் மேப்பின் குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது: நேராகச் செல்லவும். எல்லாரையும் உடனே இறங்கச் சொல்லிவிட்டுத் தோப்புக்காரருக்குப் போன் அடித்தேன். அவர் டிராக்டரைக் கொண்டுபோய்க் காரை இழுத்தார்.

மறுநாள் காலையில் நானும் அவரும் கண்மாய்க் கரையில் நின்றோம். கோடையில் கண்மாய்க்குள் ஓடிய வண்டிப்பாதையை மேப் ரோடு என்று எடுத்துக்கொண்டிருந்தது. அதைவிட, தோப்பில் நான் வைத்த குறி எப்படியோ நகர்ந்து நடுத்தண்ணீரில் நின்றது. அங்கேயே அதை அழித்தேன். அந்த வாரம் மூன்று பேர் மேப்பில் தோப்புக்கு வழி கேட்டதாக ரிப்போர்ட் காட்டியது. அவரிடம் வந்து சேர்ந்ததோ இந்த ஒரு வண்டிதான். ஸ்டேஷனில் போய்ச் சொன்னோம். யாரையும் காணோம் என்று புகார் எதுவும் வரவில்லை. திரும்பும்போது அவர் மறுபடி கண்மாயைப் பார்த்தார்.

"மத்த ரெண்டும் திரும்பிப் போயிருக்கும்மா. திரும்பித்தான் போயிருக்கணும்."

நூர்ஜஹான்

இப்போதெல்லாம் கேள்வி கேட்டால் இயந்திரமே பதில் எழுதித் தருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜமீலாவின் வாடிக்கையாளர் ஒரு பாய், ஜவுளிக்கடைக்காரர். கான்சாபுரத்திலிருந்து வந்த ஒரு பெண் அவரிடம், "நூர்ஜஹான் அக்கா மாடியில இருக்காகளா? சட்டை நல்லாத் தைப்பாகன்னு போன்ல கேட்டதுக்குப் போட்டிருக்கு" என்று கேட்டிருக்கிறார். நூர்ஜஹான் பாயின் அக்கா. பாய் பள்ளிக்கூடம் போன காலத்தில், கடைக்கு மேலே வீடாக இருந்த அந்த மாடியில் தைத்தவர். அந்த வீட்டுக்குப் போன் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்.

வெப்சைட், ரிவ்யூ, போட்டோ என்று நானும் ஜமீலாவும் இரண்டு நாள் தேடினோம். அந்தப் பெயர் எங்குமே இல்லை. இயந்திரத்திடமே திரும்பக் கேட்டோம். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் தைப்பார் என்று புதிதாக ஒரு வரி சேர்த்துத் தந்தது. பாய் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். தெரியாததைக் கேட்டால் அது இஷ்டத்துக்குப் புளுகும் என்று ஜமீலா சமாதானம் சொன்னாள்.

"புளுகட்டும்மா. என் ராத்தா பேரை அது எங்க கேட்டுச்சு?"

நிரந்தரமாக மூடப்பட்டது

போன மாதம் என் ஆபீசையே யாரோ மேப்பில் இப்படிக் குறித்துவிட்டார்கள். நான் இருக்கிறேன் என்று நிரூபிக்க மேப் கம்பெனியில் வீடியோ கேட்டார்கள். போர்டு, பூட்டைத் திறக்கும் என் கை, நான் உட்காரும் நாற்காலி எல்லாம் எடுத்து அனுப்பினேன். உறுதிசெய்ய இயலவில்லை என்று மூன்று முறை பதில் வந்தது. அதற்குப் பிறகு போன் வருவது நின்றது. பஸ் ஸ்டாண்டில் என் பழைய வாடிக்கையாளர், பேண்டேஜ் துணி நெய்கிறவர், சற்றுத் தள்ளி நின்று செல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெகுநேரம் கழித்துத்தான் பக்கத்தில் வந்தார்.

"தப்பா நெனைக்காதீக. இதுல பாத்துட்டு, நீங்க போய்ச் சேந்துட்டீகன்னு உங்க வீட்டுக்குத் துட்டி கேக்க வரணும்னு இருந்தேன்."

ஊரில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று சொல்லும் வேலையை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான் என்பதால், யாரிடம் போய்ப் புகார் சொல்வது என்றுதான் தெரியவில்லை.